முதல் வகுப்புக்கு ஒரு தோல் எடுத்துப் போ

அன்புள்ள தம்பி,

உன் கடிதமும் கூட வைத்திருந்த பாடத்திட்டமும் கிடைத்தன. ஓய்வுபெற்றவர்களுக்கு ஆம்பூரில் கலை ரசனை வகுப்பு நடத்தப் போகிறாய் என்பது நல்ல செய்தி. பாடத்திட்டம்தான் சரியில்லை. அஜந்தா, பல்லவர், சோழர், இத்தாலிய மறுமலர்ச்சி, இம்ப்ரஷனிசம், கியூபிசம், கடைசி வாரம் மெட்ராஸ் ஓவிய இயக்கம் என்று, கவின்கலைக் கல்லூரியில் உனக்கு நடத்தியதையே சுருக்கி எழுதியிருக்கிறாய். அங்கே பரீட்சை இருந்தது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்திருந்தீர்கள். அறுபத்தைந்து வயதுக்காரர் இரண்டாவது வாரமே வர மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார். "பேரனை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும் சார்" என்பார், அவ்வளவுதான்.

வந்து உட்காரப் போகிறவர்கள் யார் என்று முதலில் யோசி. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்து 58 வயதில் வெளியே வந்த அம்மா. கட்டிங்கில் இருந்தவர். சாயம் போடும் பிரிவில் ஷேட் பார்த்தவர். பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். தோல் மண்டி வைத்திருந்த பாய். பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்தவர். இவர்களில் எண்பதை நெருங்குகிறவர்கள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தைப் பார்த்தவர்கள். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு இங்கே ஷூ கம்பெனிகள் பெருகின; பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனார்கள். அறுபதைத் தாண்டிய அம்மாக்கள் அந்தத் தலைமுறை. இவர்கள் யாருக்கும் "பார்ப்பது எப்படி" என்று நீ ஆரம்பப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தோலைத் தரம் பிரிக்கிறவரை நீ பார்த்திருக்கிறாயா? வெளிச்சத்தில் விரிப்பார், உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார், திருப்புவார், அடுக்கில் போடுவார். சில நொடிதான். அதற்குள் உண்ணி கடித்த இடம், முள் கீறிய தழும்பு, அம்மை வடு, உரித்தவன் கத்தி பட்ட இடம், உப்பு போடத் தாமதித்ததால் கெட்டுப்போன ஓரம் எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கும். எந்தக் குறை சாயத்தில் மறையும், எது மறையாது என்பதும் முடிவாகியிருக்கும். கட்டிங்கில் இருந்தவர் இன்னும் ஒரு படி மேலே. எந்தத் தோலும் சதுரமாக வராது. கழுத்துப் பக்கம் சுருக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு, முதுகு கெட்டி. ஷூவின் முன்புறத்துக்கு நல்ல இடம், உள்ளே மறைகிற துண்டுக்குச் சுமாரான இடம் என்று பிரிக்க வேண்டும். இழுபடும் திசை பார்க்க வேண்டும். இடது காலும் வலது காலும் நிறத்திலும் மயிர்க்கால் புள்ளியிலும் ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் பார்த்து, கழிவு குறையும்படி அச்சுகளை அடுக்க வேண்டும். இதைத்தான் நீ கல்லூரியில் காம்போசிஷன் என்று படித்தாய். அப்பரை லாஸ்ட் என்ற கால் அச்சின் மேல் இழுத்துப் பூட்டியவருக்கு, தட்டையான ஒன்று எப்படிப் பருமனாகிறது என்பது கையிலேயே இருக்கிறது. சிற்பத்தின் கனத்தைப் பற்றி முதலில் அவரிடம் பேசு.

ஆகவே முதல் வகுப்புக்கு ஓவியம் எடுத்துப் போகாதே. மண்டியில் சொல்லி, பூச்சு ஏறாத கிரஸ்ட் ஆட்டுத்தோல் ஒன்று வாங்கிப் போ. சன்னல் ஓரம் மேஜையில் விரித்து, "இதைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். ஒரு மணி நேரம் போவது தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றும் நடக்கும். வழக்கமாக எந்தக் கூட்டத்திலும் ஹெட்மாஸ்டர் பேசுவார், தொட்டியில் நின்றவர் கேட்பார். இங்கே தொட்டியில் நின்றவர் பேசுவார், ஹெட்மாஸ்டர் கேட்பார். அந்த வரிசை முதல் நாளே ஒரு தரம் புரண்டுவிட வேண்டும். தோல் தொழிலில் சாதி எங்கே நின்றது, முதலாளி எங்கே நின்றார், கூலிக்காரர் எங்கே நின்றார் என்பது உனக்குத் தெரியாததல்ல. முன்வரிசை, பின்வரிசை வைக்காமல் நாற்காலியை வட்டமாகப் போடு. "ஐயா", "அம்மா", "பாய்" என்று எல்லோரையும் ஒரே மரியாதையில் கூப்பிடு. ஒருவரை மட்டும் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் அங்கே யாருக்காவது இருந்தால், அது உன் வகுப்பில் ஒட்டாமல் பார்த்துக்கொள்.

தோலைப் பார்த்து முடித்த கையோடு ஒரு படம் காட்டு. நான் என்றால் மெரினாவின் உழைப்பாளர் சிலையைக் காட்டுவேன். சென்னைக் கலைப் பள்ளியில் 1929 முதல் 1957 வரை தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். யார் செய்தது, எந்த உலோகம் என்று ஆரம்பிக்காதே. "இந்த நாலு பேர்ல பாரம் யார் மேல அதிகம்?" என்று கேள். ஈரத்தோல் சுமந்தவர்கள் தங்கள் இடுப்பிலும் தோளிலும் தேடிப் பதில் சொல்வார்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அப்போது நீ கேட்க வேண்டியது, "எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?"

இந்தக் கேள்வி என் சரக்கல்ல. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவில் இருந்த ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து வகுத்த முறையில் மூன்றே கேள்விகள்: இங்கே என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. நடுக் கேள்விதான் உயிர். அதை விட்டுவிட்டால் வகுப்பு, "அவரவருக்கு ஒரு கருத்து" என்று கை கழுவுகிற இடத்தில் போய் நிற்கும். வயதானவர்கள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது மரியாதை இல்லை. தரம் பிரிக்கிற மேஜையில் "எனக்கு அப்படித் தோணுது" என்று எவரும் சொல்லித் தப்பித்ததில்லை. குறையை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். உன் வகுப்பிலும் அப்படியே நடக்கட்டும். இந்த மூன்று கேள்வியோடு நின்றுவிடவும் கூடாது. அவர்கள் பார்த்து முடித்த பிறகு உனக்குத் தெரிந்ததைச் சொல்: ஆண்டு, கருவி, யார் காசு கொடுத்துச் செய்யச் சொன்னது, எதை எங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்குத் தகவல் பிடிக்கும். வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இனி உனக்கு வரப்போகிற பெரிய தொல்லை. எந்தச் சிற்பத்தைக் காட்டினாலும் அவர்கள் புராணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நீ பொறுமை இழப்பாய். இழக்காதே. வட ஆற்காட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அர்ச்சுனன் தபசு அன்றைக்கு, உயரமான தபசு மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவதையும், மேலேயிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவதையும், குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் கீழே முந்தானை ஏந்துவதையும் பார்த்தவர்கள். அவர்களுக்கு மாமல்லபுரத்துப் பெரிய பாறைப் புடைப்புச் சிற்பத்தின் படத்தைக் காட்டு. ஏறக்குறைய 30 மீட்டர் அகலம், நடுவில் இயற்கையான பிளவு, பிளவில் நாகர்கள், பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்திய தவசி, எதிரே சிவன். "அர்ச்சுனன் தபசு" என்று அறையே சொல்லும். சரி என்று தலையாட்டிவிட்டு, "பகீரதன்னு ஒரு கட்சி இருக்கு" என்று மெல்லப் போடு. கங்கை இறங்குவது போல அந்தப் பிளவு, நீரில் நீந்தி ஏறுவது போன்ற நாகர்கள், மேலே தண்ணீர் தேக்கிவைத்ததற்கான அடையாளம் எல்லாம் அந்தக் கட்சிக்குச் சாட்சி. அறிஞர்கள் இன்னும் தீர்க்காத வழக்கு. உன் வகுப்பில் வாதியும் பிரதிவாதியும் எழுந்து நிற்பார்கள். படத்தில் இருப்பதை விரலால் காட்டித்தான் வாதாட வேண்டும் என்பது மட்டும் விதி. அதற்குள் யாராவது ஒருவர் கீழே ஒற்றைக்காலில் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி எலிகளையும் கண்டுபிடிப்பார். சிரிப்பு அடங்கியதும் கேள்: இவ்வளவு பெரிய தவத்தைச் செதுக்கியவன், அதே பாறையில் போலித் தவத்தையும் ஏன் செதுக்கினான்? அந்த இடத்தில் புராணம் முடிந்து, சிற்பியைப் பற்றிய பேச்சு தொடங்கும். கதை தெரியாத பட்டணத்து வகுப்பு எதற்கும் இந்த இடத்துக்கு இவ்வளவு சீக்கிரம் வந்து சேர முடியாது. சென்னையில் தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளைக்காரர்கள் இதே மாமல்லபுரத்தையும் புதுக்கோட்டையையும் வைத்துப் பெரியவர்களையும் இளைஞர்களையும் ஒன்றாக உட்காரவைத்து நிறையச் செய்திருக்கிறார்கள். அதில் முன்னின்ற பேராசிரியர் சுவாமிநாதன் ஐ.ஐ.டி. தில்லியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். கலை வரலாறு அவர் தொழில் இல்லை. அதுவே அவருடைய பலம் என்பது என் எண்ணம்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு நிச்சயம் கூட்டிப் போவாய். 16ஆம் நூற்றாண்டு வேலை. பாயும் குதிரை வீரர்களும் யாளிகளும் தூணோடு தூணாக ஒரே கல்லில். அங்கே போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். உன் மாணவர்களின் இளமையில் அந்தக் கோயிலில் சாமி இல்லை. நூற்றாண்டுகளாகப் பூசையின்றிக் கிடந்தது. சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கம் 1981 மார்ச்சில்தான் உள்ளே வந்தது. ஆக, வெறும் கல்லாக அந்த மண்டபத்தைப் பார்த்த கண்களும் உன் வகுப்பில் இருக்கும், பிறகு கோயிலாகப் பார்த்த கண்களும் அதே ஆளிடம் இருக்கும். இரண்டு பார்வைக்கும் என்ன வித்தியாசம் என்று கேள். இப்படிக் கேட்க வாய்ப்புள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இன்னொன்றும் உண்டு. தங்கள் ஊர்க் கோயிலுக்குள் விடப்படாத நினைவோடு வருகிறவர்களும் உன் வட்டத்தில் இருப்பார்கள். அவர்களிடம் "எவ்வளவு அழகு பாருங்க" என்று நீ முந்திக்கொள்ளாதே. அவர்கள் வாயைத் திறக்காமல் நின்றால் நிற்கட்டும்.

உருவம் பார்ப்பதில் தயக்கம் உள்ள பாய்மார்கள் வருவார்கள். வாதம் வேண்டாம். சென்னையிலிருந்து 1927 முதல் கையெழுத்திலேயே வருகிற உருது நாளிதழ் "முசல்மான்" இருக்கிறதே, அதன் முதல் பக்கம் ஒன்றைக் கொண்டு போ. உருது படிக்கிற குடும்பங்கள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் எத்தனை என்று உனக்குத் தெரியும். எந்த வளைவு நன்றாக விழுந்திருக்கிறது, எந்த வரி நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது, தலைப்புக்கு ஏன் அந்தப் பருமன் என்று அவர்கள் சொல்ல, எழுத்து தெரியாத மற்றவர்கள் வெறும் கோடாகப் பார்த்துக் கேட்கட்டும். கோட்டைப் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல பொருள் உன் கல்லூரியிலும் இருந்ததில்லை.

நவீன ஓவியத்துக்குப் பயந்து கடைசி வாரத்தில் ஒளித்துவைத்திருக்கிறாய். அதையும் முன்னால் இழு. வெளிநாட்டுக்காரர் அனுப்பிய சாம்பிள் துண்டுக்கு ஷேட் சேர்த்தவர், ஒரே பழுப்பில் பத்துப் பழுப்பு காண்பவர். நிறம் மட்டுமே உள்ள ஓவியத்தின் முன் அவர் உன்னைவிட அதிகம் பேசுவார். கே.சி.எஸ். பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" வரிசைப் படங்களைக் காட்டினால், ஜாதகக் கட்டம் எழுதத் தெரிந்த யாராவது ஒருவர் எழுந்து கிட்டே போய்ப் படிக்க முயல்வார். படிக்க முடியாது. படிக்க முடியாதபடி ஏன் எழுதினார் என்று அவரே கேட்பார். நிலக்காட்சி ஓவியம் காட்டினால் பாலாறு வரும். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும். அதில் வேலை போனவர்களும் கிணறு போனவர்களும் ஒரே அறையில் இருப்பார்கள். பேசட்டும், அது தலைப்பை விட்டு விலகியது ஆகாது.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதான கண்ணின் வில்லை மஞ்சளிக்கும். நீலமும் பச்சையும் குழம்பும். ஓவியர் மோனேவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்த காலத்துப் படங்கள் செம்பழுப்பாக எரிகின்றன. 1923இல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீலம் திரும்பியது. உன் மாணவர்களில் சிலர் வேலூர் ஷெல் கண் ஆஸ்பத்திரியில் புரை எடுத்துக்கொண்டவர்களாக இருப்பார்கள். மோனே படங்களை அவர்களிடம் காட்டினால், எடுப்பதற்கு முன்பும் பின்பும் தங்கள் வீட்டுச் சுவர் எந்த நிறத்தில் இருந்தது என்று சொல்வார்கள். எந்தக் கலை விமர்சகராலும் எழுத முடியாத குறிப்பு அது. புரொஜெக்டருக்காக அறையை இருட்டாக்காதே. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் கால் இடறுவார்கள். பெரிய அச்சுப் படங்களே போதும், கைக்குக் கை மாறலாம். முழங்கால் வலிக்காரர்களைத் தரையில் உட்காரவைக்காதே. வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உனக்கும் ஜும்மா தொழுகை நாளில் வகுப்பு வேண்டாம். அருங்காட்சியகத்தில், கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்தபோது பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையைத் தவறவிடாதே. கட்டணம் வாங்குவதாக எழுதியிருந்தாய். தொழிலாளர் ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். உன் கட்டணத்தை அதன் பக்கத்தில் எழுதிப் பார்.

நோட்டீஸில் "ஞாபக மறதிக்கு அருமருந்து" என்று போட நினைத்திருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. நினைவிழப்பு உள்ளவர்களுக்காக நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 2006இல் தனி நிகழ்ச்சி தொடங்கியது உண்மைதான். அங்கேயும் அதைக் கூடிப் பார்க்கும் மகிழ்ச்சிக்காக நடத்தினார்கள், மருந்தாக அல்ல. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் முதியோருக்கான பல்கலைக்கழகம் தொடங்கிய பியர் வெல்லாவும் பாடம்தான் நடத்தினார், வைத்தியம் பார்க்கவில்லை. உன்னிடம் வருகிறவர்களைப் படிக்க வந்தவர்களாக நடத்து. பொழுதுபோக்க வந்தவர்கள், பரிதாபத்துக்குரியவர்கள் என்ற நினைப்பு குரலில் எட்டிப் பார்த்தால் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உன் பட்டியலில் அஜந்தா இருக்கிறது, பல்லவர் இருக்கிறார்கள், ஆம்பூர் இல்லை. பல்லவன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் இரண்டு, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, உன் ஊரிலேயே கண்டெடுக்கப்பட்டவை. மாட்டு மந்தையைக் கவர வந்த படையோடு மோதி இறந்த வீரர்களுக்கு நட்டவை. மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் வைத்த ஊரில், மாட்டுத்தோலோடு வாழ்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறாய். மலையாம்பட்டுப் பக்கத்து ஆர்மாமலைக் குகையின் கூரையில் 8ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் இருக்கின்றன: தாமரைக் குளம், திசைக் காவலர் உருவங்கள். பெரும்பகுதி அழிந்துவிட்டது, மிச்சமிருப்பது சித்தன்னவாசல் ஓவியங்களோடு சேர்த்துப் பேசத் தக்கது. உன் மாணவர்களால் அந்த மலை ஏற முடியாது. உன்னால் முடியும். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஏறிப் போய், நல்ல வெளிச்சம் உள்ள நேரத்தில், கையை வைக்காமல், ஒவ்வொரு திட்டாகப் படம் எடுத்துக்கொண்டு வா. அஜந்தாவை அதற்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்